டாக்டர்கள் மட்டுமே எழுதும் இணையக் களஞ்சியங்களை நம்பலாமா?

இறுதியாண்டு எம்.பி.பி.எஸ். படிக்கும் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “விக்கிப்பீடியாவை யார் வேண்டுமானாலும் திருத்தலாம், அதனால் மருத்துவத்துக்கு அதைத் திறக்கவே கூடாது என்கிறார் எங்கள் பேராசிரியர். டாக்டர்கள் மட்டுமே சேர்ந்து எழுதும் இணையக் களஞ்சியங்கள் இருக்கின்றனவாமே, அவற்றை நம்பிப் படிக்கலாமா? எங்களைப் போன்றவர்கள் அவற்றில் எழுத முடியுமா?”

சிலவற்றை நன்றாகவே நம்பலாம். எழுதவும் முடியும். ஆனால் வாசலில் பட்டத்தைப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள் என்பது மட்டும் நம்பிக்கைக்குப் போதாது. டாக்டர்களுக்கு மட்டும் என்று தொடங்கிய முயற்சிகளில் சில மூடப்பட்டன, சில வளராமல் நின்றன. எல்லோரையும் சேர்த்துக்கொண்டவற்றில் சில, பாடநூலுக்குப் பக்கத்தில் வைக்கும் அளவுக்கு வளர்ந்தன. ஏன் அப்படி ஆனது என்பதைப் பார்த்தால் எதை எந்த அளவுக்கு நம்புவது என்பதும் விளங்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2005 நவம்பரில் பிரிட்டனில் சில டாக்டர்கள் சேர்ந்து கன்ஃபைட் என்ற விக்கியை, அதாவது பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் இணையக் களஞ்சியத்தை, தொடங்கினார்கள். யாரும் படிக்கலாம், பதிவு பெற்ற மருத்துவர் மட்டுமே எழுதலாம் என்பது விதி. உரிமத்திலும் அதையே எழுதி வைத்தார்கள்: அந்தக் கட்டுரையை வேறு இடத்தில் எடுத்துப் போட்டாலும் அதை மாற்றி எழுதும் உரிமை மருத்துவருக்கு மட்டும்தான். எழுதியவர்கள் அக்கறையாகத்தான் எழுதினார்கள். ஆனால் அந்தச் சிறு வட்டத்தைத் தாண்டி அது பெரிதாக வளரவில்லை.

அதற்கு நேர்மாறாக, பணமும் பெயரும் உள்ளவர்கள் இறங்கியது மெட்பீடியாவில். ஜேம்ஸ் கரியர் என்ற அமெரிக்கத் தொழில்முனைவர் 2009 பிப்ரவரியில் அதைத் திறந்தார். ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு, மிச்சிகன் மருத்துவப் பள்ளிகளும் பெர்க்லியின் பொதுச் சுகாதாரப் பள்ளியும் கூட நின்றன. ஒரு மருத்துவ விக்கிக்கு இவ்வளவு பலமான ஆதரவு கிடைப்பது அரிது. மருத்துவப் பட்டமோ உயிர்மருத்துவத்தில் முனைவர் பட்டமோ இருந்தால்தான் கட்டுரையில் கை வைக்கலாம். மற்றவர்கள் யோசனை மட்டும் சொல்லலாம். விக்கிப்பீடியாவின் காலம் முடிந்தது என்றுகூட அப்போது பேசினார்கள். 2013 தொடக்கத்தில் மெட்பீடியாவை மூடிவிட்டார்கள்.

என்ன குறை? டாக்டருக்கு நேரமில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. ஒரு களஞ்சியம் நிலைக்க மருத்துவம் தெரிந்தவர் மட்டும் போதாது. எழுத்துப் பிழை திருத்துபவர், படம் வரைபவர், உடைந்த இணைப்பைச் சரிசெய்பவர், ஆய்வுக் கட்டுரையைத் தேடி எடுத்துத் தரும் நூலகர், நள்ளிரவில் யாரோ கிறுக்கிவிட்டுப் போனதை ஐந்து நிமிடத்தில் அழிப்பவர், மொழிபெயர்ப்பவர் என்று பலர் வேண்டும். பட்டம் கேட்கும் வாசல் இவர்கள் எல்லோரையும் வெளியே நிறுத்திவிடுகிறது. உள்ளே வந்த சில டாக்டர்கள் மருத்துவத்தையும் எழுதி, இந்த வேலைகளையும் செய்ய வேண்டும். கொஞ்ச நாளில் ஓய்ந்துபோகிறார்கள்.

ஓய்ந்துபோனால் என்ன ஆகும் என்பதுதான் மருத்துவத்தில் பெரிய விஷயம். சோழர் வரலாற்றுக் கட்டுரை பத்து வருடம் தொடாமல் கிடந்தாலும் யாருக்கும் உயிர் போகாது. மருத்துவக் கட்டுரை அப்படியில்லை. 2009இல் ஒரு நல்ல டாக்டர், இதய நோய் இல்லாத நடுத்தர வயதினரும் மாரடைப்பு வராமலிருக்கத் தினமும் சிறு அளவு ஆஸ்பிரின் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆதாரத்தோடு எழுதியிருக்கலாம். அன்றைக்கு அது ஏற்கத்தக்க கருத்து. 2018இல் மூன்று பெரிய ஆய்வுகள் வந்தன. இதய நோயே இல்லாதவர்களுக்கு ஆஸ்பிரினால் கிடைக்கும் பயன் குறைவு, ரத்தக்கசிவு ஆபத்து அந்தப் பயனைத் தின்றுவிடுகிறது என்று தெரிந்தது. 2022இல் அமெரிக்காவின் தடுப்புச் சேவைகள் பணிக்குழு, 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் இந்தக் காரணத்துக்காகப் புதிதாக ஆஸ்பிரின் தொடங்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. (ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர் கதை வேறு, அவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.) 2009இல் எழுதியவரின் பட்டம் அப்படியே இருக்கும். அவர் எழுதிய வரி ஆளைக் கெடுக்கும்.

அதனால் ஒரு மருத்துவக் களஞ்சியத்தைப் பார்க்கும்போது நான் முதலில் கேட்பது இரண்டு. இந்த வரி எங்கிருந்து வந்தது என்று என்னால் பின்னால் போய்ப் பார்க்க முடிகிறதா? கடைசியாக இதை யார், எப்போது சரிபார்த்தார்கள்? எழுதியவர் யார் என்பது அப்புறம்தான்.

இந்த இரண்டுக்கும் நல்ல பதில் தரும் களஞ்சியம் ஒன்றைச் சொல்லச் சொன்னால் ரேடியோபீடியாவைத்தான் சொல்வேன். மெல்பர்னில் கதிரியக்கத் துறைப் பயிற்சியில் இருந்த ஃபிராங்க் கெய்லார்ட் 2005 டிசம்பரில் அதைத் தொடங்கினார். இன்றைக்கு எம்.ஆர்.ஐ. படம் முன்னால் வைத்துக்கொண்டு குழம்பும் பி.ஜி. மாணவர் உலகத்தில் எங்கே இருந்தாலும் முதலில் திறப்பது அதைத்தான். இதன் வெற்றிக்குக் காரணம் அதன் அமைப்பு என்று நினைக்கிறேன். அங்கே இரண்டு வகைப் பக்கங்கள். ஒன்று கட்டுரை: மூளையில் வரும் ஒரு கட்டி, ஸ்கேனில் அது எப்படித் தெரியும், எவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்று பலர் சேர்ந்து எழுதுவது. இன்னொன்று கேஸ்: ஒரு டாக்டர் தான் பார்த்த நோயாளியின் படங்களை, பெயரும் அடையாளமும் நீக்கி, வயது, தொந்தரவு, கடைசியில் உறுதியான நோய் ஆகிய விவரங்களோடு ஏற்றுவது. கேஸ் ஏற்றியவரின் பெயரிலேயே நிற்கும். கட்டுரை எல்லோருக்கும் பொது.

எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயைச் சொல்லும் டாக்டரான ரேடியாலஜிஸ்ட் தினமும் படம் பார்க்கிறார். நல்ல கேஸ் ஒன்று வந்தால் அதை எடுத்து வைத்துக்கொள்வது அந்தத் துறையில் பழைய பழக்கம். முன்பெல்லாம் ஒவ்வொரு மருத்துவமனையிலும் மூத்தவர்கள் அருமையான எக்ஸ்ரே படங்களைப் பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைத்திருப்பார்கள். ரேடியோபீடியா அந்தப் பழக்கத்தையே பொதுவில் செய்ய இடம் கொடுத்தது. புதிதாக உட்கார்ந்து ஒன்றை எழுத வேண்டிய சுமை இல்லை. எப்படியும் செய்யும் வேலையின் ஒரு துண்டை அங்கே வைத்தால் போதும். தன் பெயரும் நிற்கிறது, தன் கேஸைத் தானே திரும்பத் தேடி எடுக்கவும் முடிகிறது.

இன்னொரு நல்ல வழக்கமும் அங்கே உண்டு. ஒவ்வொரு கேஸிலும் நோயைக் கண்டறிந்தது எவ்வளவு உறுதி என்று குறிக்கிறார்கள். உறுதி, ஏறக்குறைய உறுதி, பெரும்பாலும் இதுவாக இருக்கலாம், இருக்கக்கூடும் என்று படிகள். திசுப் பரிசோதனை வரை போய் நிரூபித்த கேஸும், படத்தை மட்டும் வைத்து ஊகித்த கேஸும் ஒன்றாகத் தெரியாது. எத்தனையோ அச்சுப் பாடநூல்களில் இந்த நேர்மை கிடையாது. பதிவு செய்துகொண்ட எவரும் கட்டுரையைத் திருத்தலாம், மாணவர்கள் உட்பட. ஆனால் ஆசிரியர் குழு ஒன்று மாற்றங்களைப் பார்க்கிறது, பிழையானதைத் திருப்புகிறது. வாசல் திறந்திருக்கிறது, உள்ளே ஆள் விழித்திருக்கிறார்.

இதே மாதிரிதான் விக்கிஇஎம். கலிஃபோர்னியாவில் ஹார்பர் யு.சி.எல்.ஏ. மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பயிற்சி மருத்துவர்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொண்ட குறிப்புகளிலிருந்து 2009 வாக்கில் வளர்ந்தது. வாசிப்பு சுகமாக இருக்காது. எல்லாம் துண்டு துண்டான வரிகள். ஆனால் இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு வலியோடு ஒருவர் வந்தால் எதையெல்லாம் மறக்கக் கூடாது என்பதற்கு அந்த வடிவம்தான் சரி. அமெரிக்கக் கண் மருத்துவர் கழகம் 2010இல் தொடங்கிய ஐவிக்கி கண் மருத்துவர்களுக்கு மட்டும் என்று வாசலை இறுக்கி வைத்தும் நிலைத்திருக்கிறது. பின்னால் ஒரு கழகம் இருக்கிறது, சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார்கள், பயிற்சியில் இருப்பவர்களுக்குக் கட்டுரைப் போட்டி வைத்துப் புதுக் கைகளைச் சேர்க்கிறார்கள், துறையும் ஒரே துறை. பட்டத்தைக் கேட்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. கேட்டுவிட்டு அத்தோடு நின்றுவிட்டால் வேலை நடக்காது.

கட்டணம் கட்டிப் படிக்கும் அப்டுடேட்டையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பாஸ்டனில் சிறுநீரக மருத்துவராக இருந்த பர்ட்டன் ரோஸ் 1992இல் தொடங்கியது. அது விக்கி கிடையாது. ஒவ்வொரு தலைப்புக்கும் பெயர் சொல்லி ஆசிரியர்கள், மேலே ஆய்வாளர்கள், ஒவ்வொரு பரிந்துரைக்கும் அது எவ்வளவு வலுவானது என்ற தரம். நல்லதுதான், ஆனால் தனி ஆளுக்கு ஆண்டுக்குச் சில நூறு டாலர் ஆகும். கல்லூரி நூலகத்தில் சந்தா இருந்தால் தவறாமல் பயன்படுத்துங்கள்.

சரி, உங்கள் பேராசிரியர் வேண்டாம் என்ற விக்கிப்பீடியாவுக்கு வருவோம். அவருடைய கவலை நியாயமானதுதான், ஆனால் அதன் மருத்துவப் பகுதி எப்படி ஓடுகிறது என்பது வெளியில் அதிகம் தெரியாது.

ஆங்கில விக்கிப்பீடியாவில் மருத்துவக் கட்டுரைகளைக் கவனிக்கும் குழுவை 2004இல் தொடங்கியவர் யாக்கோப் டி வொல்ஃப் என்ற மருத்துவர். பிறகு அதன் முகமாக ஆனவர் ஜேம்ஸ் ஹைல்மன், கனடாவின் அவசரப் பிரிவு மருத்துவர். ஹைல்மனும் ஆண்ட்ரூ வெஸ்ட்டும் 2015இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பகுதியின் உள்ளே ஒரு கணக்கு எடுத்தது. 2013 முடிவில் எல்லா மொழிகளையும் சேர்த்து 1,55,000க்கு மேல் மருத்துவக் கட்டுரைகள். அந்த ஒரே ஆண்டில் 488 கோடி தடவைக்கு மேல் அவை பார்க்கப்பட்டன. இவ்வளவையும் தொடர்ந்து கவனித்துக்கொண்ட முக்கியப் பங்களிப்பாளர்கள் எத்தனை பேர்? 300க்கும் குறைவு. அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் மருத்துவத் துறையில் வேலை செய்பவர்கள். யாரும் எழுதலாம் என்ற களஞ்சியத்தின் மருத்துவப் பகுதியை உண்மையில் தாங்குபவர்களில் பாதி மருத்துவத் துறையினர்! மறுபாதியில்தான் நான் மேலே சொன்ன மற்ற கைகள். மெட்பீடியா பட்டம் கேட்டு வாங்க நினைத்ததை இவர்கள் பட்டம் கேட்காமலே பெற்றிருந்தார்கள். கவலைக்குரிய விஷயமும் அதே ஆய்வில் உண்டு. அந்த எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வந்தது.

அங்கே எழுதியவரின் பட்டத்துக்குப் பதிலாக ஆதாரத்தைப் பற்றிய ஒரு கண்டிப்பான விதி இருக்கிறது. மருத்துவ வரி எதற்கும் தனி ஆய்வு ஒன்றைக் காட்டினால் போதாது. பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோட்ட மதிப்பீட்டுக் கட்டுரையோ, நல்ல பாடநூலோ, மருத்துவ அமைப்புகளின் வழிகாட்டுதலோ வேண்டும். அதுவும் கூடியவரை கடந்த ஐந்தாறு ஆண்டுகளுக்குள் வந்ததாக இருக்க வேண்டும்.

இந்த விதி எவ்வளவு முக்கியம் என்று டெங்குவை வைத்துப் பார்க்கலாம். பப்பாளி இலைச் சாறு நம் ஊரில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் வாட்ஸ்அப்பில் சுற்றும். ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்ற வரியோடுதான் சுற்றும். அது முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. அந்தச் சாறு ரத்தத்தில் தட்டணுக்களின் (பிளேட்லெட்) எண்ணிக்கையைக் கொஞ்சம் சீக்கிரம் உயர்த்துகிறது என்று காட்டும் சிறிய ஆய்வுகள் இருக்கின்றன. தனி ஆய்வே போதும் என்றால் அந்த வரி களஞ்சியத்தில் ஏறிவிடும். ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டவர்கள் சொல்வது வேறு: ஆய்வுகள் சிறியவை, தரம் சுமார், இறப்பைக் குறைக்கிறது என்பதற்குச் சான்று இல்லை. அதோடு, டெங்குவில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் தட்டணுக் குறைவு கிடையாது. ரத்தக் குழாயிலிருந்து நீர்ப்பகுதி கசிந்து ரத்த அழுத்தம் விழுவதுதான். காய்ச்சல் விடும் நேரத்தில்தான் அது நடக்கும். விடாத வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து கிடப்பது ஆகிய எச்சரிக்கை அறிகுறிகளைப் பார்த்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோய், தேவையான அளவு திரவம் ஏற்றுவதுதான் உயிரைக் காக்கிறது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் வேண்டாம். நல்ல களஞ்சியம் இந்த வரிசையில் சொல்லும். பப்பாளிக்கு அதில் ஒரு வரி இருந்தாலே அதிகம்.

அந்த ஆங்கில டெங்குக் கட்டுரைக்கு ஒரு தனிச் சிறப்பும் உண்டு. ஹைல்மன், டி வொல்ஃப், இன்னும் இருவர் சேர்ந்து அதைச் செம்மைப்படுத்தி ஓப்பன் மெடிசின் என்ற ஆய்விதழுக்கு அனுப்பினார்கள். துறை அறிஞர்கள் படித்துக் கேள்வி கேட்டு, திருத்தங்களுக்குப் பிறகு 2014 அக்டோபரில் அது அங்கே வெளியானது. விக்கிப்பீடியாவில் வளர்ந்த கட்டுரை ஒன்று முறையான சக மதிப்பாய்வைத் தாண்டி ஆய்விதழில் இடம்பிடித்தது. அதே காலத்தில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ மருத்துவப் பள்ளியில் அமின் ஆசம் என்ற பேராசிரியர், கடைசி ஆண்டு மாணவர்கள் ஒரு மாதம் விக்கிப்பீடியாவின் மருத்துவக் கட்டுரையைச் சீர்செய்தால் அதற்குப் பாடநேர மதிப்பு தருவது என்று 2013இல் தொடங்கினார். உங்கள் வயதில் இருப்பவர்கள்தான் செய்தார்கள். நம் கல்லூரிகளில் இதைச் செய்யத் தடை ஒன்றும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நியாயமாக, சமூக மருத்துவத் துறைகள் முன்வந்து செய்ய வேண்டிய வேலை இது.

குறைகளையும் சொல்ல வேண்டும். 2014இல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வு, செலவு மிகுந்த பத்து நோய்களைப் பற்றிய விக்கிப்பீடியாக் கட்டுரைகளில் ஒன்பதில் ஆய்வு நூல்களோடு முரண்படும் வரிகள் இருக்கின்றன என்றது. பத்திரிகைகள் அதைப் பெரிதாக எழுதின. அந்த ஆய்வின் முறையைப் பலர் குறை சொன்னார்கள். அதே அளவுகோலை ஒரு பாடநூலின் மீதும் வைத்துப் பார்த்திருந்தால்தான் ஒப்பிட முடியும் என்பது என் கருத்தும்கூட. ஆனாலும் பிழைகள் இருக்கின்றன என்ற அடிப்படைச் செய்தியை மறுக்க மாட்டேன்.

பிழையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வியாபாரம். முதுகெலும்பு நொறுங்கியவர்களுக்கு ஊசி வழியே சிமென்ட் செலுத்தும் சிகிச்சை ஒன்று இருக்கிறது. 2009இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த இரண்டு ஆய்வுகள், அது வெறும் ஊசி குத்தியதுபோல் பாவனை செய்ததைவிட வலியை அதிகம் குறைக்கவில்லை என்று காட்டின. இந்த வகைச் சிகிச்சை ஒன்றைப் பற்றிய விக்கிப்பீடியாக் கட்டுரையை, அதற்கான கருவிகளை விற்கும் நிறுவனத்தில் வேலை செய்தவர் மாற்ற முயன்றது 2015இல் பத்திரிகைச் செய்தி ஆனது. அதைக் கண்டுபிடித்து எதிர்த்தவர்களும் அங்கிருந்த டாக்டர்கள்தான். இப்படிப்பட்ட ஆளை வாசலில் பட்டம் கேட்டுத் தடுக்க முடியாது, நிறுவனங்களில் எம்.டி.க்களுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு மாற்றமும் யார், எப்போது, என்ன என்று ‘வரலாறு’ பக்கத்தில் நிற்பதால்தான் அது வெளியே வந்தது.

டாக்டர்களுக்கும் உளவியலாளர்களுக்கும் நடந்த ஒரு மோதலையும் சொல்லாமல் போக மனமில்லை. மைக்கறைப் படங்களைக் காட்டி ‘என்ன தெரிகிறது’ என்று கேட்கும் ரோர்ஷாக் சோதனை கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் மொத்தம் பத்துப் படங்கள். ரோர்ஷாக் 1922இல் இறந்துவிட்டதால் காப்புரிமை முடிந்துவிட்டது. 2009இல் ஹைல்மன் பத்தையும் விக்கிப்பீடியாவில் ஏற்றினார். முன்பே படத்தைப் பார்த்துவிட்டு வருபவரிடம் சோதனை செல்லாது என்று உளவியலாளர்கள் கொதித்தார்கள். ஹைல்மன் அப்போது வேலை செய்த கனடாவின் சஸ்காட்ச்வன் மாகாணத்தின் மருத்துவர் அமைப்பிடம் புகாரே போனது. படங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. நான் ஹைல்மன் பக்கம்தான். பொதுவுடைமையாகிவிட்ட ஒன்றைப் பொதுமக்கள் பார்க்கக் கூடாது என்று தொழில் செய்பவர்கள் பூட்டி வைக்க முடியாது. ஆனால் அந்தச் சோதனையை நம்பி வேலை செய்தவர்களின் கவலை போலி என்று சொல்ல மாட்டேன். எதை எழுதலாம் என்பதைத் துறைக்காரர்களே தீர்மானிப்பதா, வாசகரின் உரிமையும் அதில் உண்டா என்ற இந்தக் கேள்வி எல்லா மருத்துவக் களஞ்சியங்களிலும் ஏதாவது ஒரு வடிவத்தில் வரும்.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். ஆங்கிலம் தெரிந்த உங்களுக்கு மேலே சொன்ன எல்லாம் கிடைக்கும். உங்கள் வார்டில் கிடக்கும் நோயாளியின் மகளுக்கு? 2011இல் ஹைல்மனின் குழு, எல்லைகளற்ற மொழிபெயர்ப்பாளர்கள் என்ற அமைப்போடு சேர்ந்து, முக்கியமான கட்டுரைகளை முதலில் எளிய ஆங்கிலத்தில் சுருக்கி, பிறகு பல மொழிகளுக்குக் கொண்டுபோகும் வேலையைத் தொடங்கியது. 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது அந்த ஏற்பாடு கைகொடுத்தது. இந்தியாவில் இப்படிப்பட்ட வேலையைத் தலைமேல் போட்டுக்கொண்டவர் ஒடிசாவின் சுபாஷ் சந்திர ரவுத் என்ற மூத்த மருத்துவர். ஒடியா விக்கிப்பீடியாவின் மருத்துவப் பகுதியில் பெரும்பங்கு அவர் கையால் எழுதப்பட்டது. கேரளத்தில் பிறந்து சுவீடனில் ஆராய்ச்சி செய்த நேதா ஹுசைன் என்ற மருத்துவர், கொரோனா காலத்தில் தடுப்பூசி பற்றிய தகவல்களை எழுதுவதிலும் பொய்களைத் திருத்துவதிலும் முன்நின்றார்.

தமிழுக்கு இது புதிதும் இல்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் மருத்துவமனை வைத்து, பின்னாளில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு முதல் பிரசவ மருத்துவம் வரை பாடநூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். அவரிடம் படித்த தமிழ் மாணவர்கள் அதில் கூட உழைத்தார்கள். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து ஒரு மருத்துவ நூலகத்தையே தமிழில் எழுதியது 19ஆம் நூற்றாண்டில்! 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலும் மருத்துவக் கட்டுரைகள் நிறைய இருக்கின்றன. தரம் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. சில கட்டுரைகள் அருமை. சில, மொழிபெயர்த்துவிட்டு அதன்பின் யாரும் தொடாதவை.

நீங்கள் எழுத வேண்டும் என்று நினைத்தால் சில நடைமுறை விஷயங்கள். முதலில் படிக்கும் பழக்கத்தை மாற்றுங்கள். எந்த மருத்துவக் கட்டுரையைத் திறந்தாலும் கீழே மேற்கோள்களின் ஆண்டைப் பாருங்கள். ‘வரலாறு’ பக்கத்தில் கடைசி உருப்படியான திருத்தம் எப்போது என்று பாருங்கள். ‘உரையாடல்’ பக்கத்தில் எதைப் பற்றிச் சண்டை நடந்திருக்கிறது என்று படியுங்கள். ஒரு நோயைப் பற்றி எது இன்னும் தீராத கேள்வி என்பது பல சமயம் அங்கேதான் தெரியும். மருந்தின் அளவை மட்டும் எந்தத் திறந்த களஞ்சியத்திலிருந்தும் எடுக்காதீர்கள். விக்கிப்பீடியாவே அளவை எழுத வேண்டாம் என்றுதான் எழுதுபவர்களிடம் சொல்கிறது. யாரோ ஒரு புள்ளியை நகர்த்திவிட்டால் பத்து மடங்கு ஆகிவிடும். மருத்துவமனையின் மருந்துக் கையேட்டைப் பாருங்கள்.

கேஸ் ஏற்றுவதாக இருந்தால் நோயாளியின் சம்மதம், உங்கள் துறைத் தலைவரின் அனுமதி இரண்டும் வேண்டும். ஸ்கேன் படத்தின் ஓரத்தில் பெயரும் எண்ணும் ஒட்டிக்கொண்டிருக்கும், அதை மறக்காமல் நீக்குங்கள். பெயரை எடுத்தால் மட்டும் போதாது. சின்ன ஊர், அரிய நோய், தேதி மூன்றும் சேர்ந்தால் யார் என்று அக்கம்பக்கத்தார் கண்டுபிடித்துவிடுவார்கள். பாடநூல் படத்தை ஸ்கேன் செய்து ஏற்றுவது கூடவே கூடாது.

எங்கே தொடங்குவது என்றால், தமிழில் பாம்புக்கடி பற்றிய கட்டுரையைத் திறந்து வரிவரியாகச் சரிபாருங்கள் என்பேன். பாம்புக்கடியை 2017இல் உலக சுகாதார நிறுவனம் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தென்கிழக்கு ஆசியாவுக்கான அதன் வழிகாட்டுதல் 2016இல் புதுப்பிக்கப்பட்டது, இலவசமாகவே கிடைக்கும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிரித்துச் சொல்லியிருக்கிறதா? கடித்த இடத்தைக் கீறாதே, உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே, அசையாமல் வைத்து விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோ என்று முதல் பத்தியிலேயே இருக்கிறதா? கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ இல்லாமலே போகலாம், தூங்கி எழுந்தவர் வயிற்று வலி என்று சொல்லிக்கொண்டு வந்து கண் இமை தொங்கி மூச்சு நின்றுபோகலாம் என்பது இருக்கிறதா? இல்லாததை ஒவ்வொரு வரியாக, ஒவ்வொன்றுக்கும் மேற்கோளோடு சேருங்கள். யாராவது திருப்பினால் கோபப்படாமல் உரையாடல் பக்கத்தில் காரணம் கேளுங்கள். எழுதி முடித்ததும் உங்கள் பேராசிரியரிடமும் அதைக் காட்டி, எங்கே பிழை என்று பார்த்துத் தரச் சொல்லுங்கள்.